எண்பத்தொன்றாவது எழுத்து

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடந்த பழைய ஃபோர்ட்ரான் புரோகிராம் ஒன்றைப் புதிய கணினிக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய வித்தை எதுவும் செய்யாத புரோகிராம். கரைசல்களின் அளவீடுகள் உள்ள உரைக்கோப்பை வரி வரியாகப் படிக்கும். வரியின் முதல் சொல்லைப் பார்த்து இது வெப்பநிலையா, அழுத்தமா, செறிவா என்று பிரிக்கும். பின்னால் வரும் எண்களை எடுத்துக் கணக்குக்கு அனுப்பும். நிரலை இயந்திரமொழிக்கு மாற்றித் தரும் பழைய கம்பைலரில் இருபது வருஷம் ஓடியிருந்தது. புதிய கம்பைலரும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. ஓடவிட்டோம், விடை வந்தது. பார்த்தால், ஆறே ஆறு அளவீடுகள் இருந்த கோப்புக்கு 78 அளவீடுகள் என்று அச்சிட்டிருந்தது. சராசரி, வரவேண்டியதில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது.

"பழைய மெஷின்ல ஓடுதேப்பா. இந்தக் கம்பைலர்லதான் ஏதோ கோளாறு" என்றார் பேராசிரியர்.

நானும் இரண்டு நாள் அப்படித்தான் நம்பினேன். ஃபோர்ட்ரானோடு புழங்கியவர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் குறைவு. ஒரு கம்பைலரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் குற்றம் புதிதாக வந்தவன் மேல்தான் விழும். புதிதாக வந்த மருமகள் கைபட்டுத்தான் பானை உடைந்தது என்பதுபோல. பானையில் விரிசல் எப்போதிலிருந்து இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த விரிசலைத் தேடினால் 1950-களுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு சிறு குழு 1954-இல் ஃபோர்ட்ரானை வடிவமைக்கத் தொடங்கியது. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு அது வெளிவந்தபோது, கையால் இயந்திரமொழி எழுதிப் பழகியவர்கள் இதை நம்பத் தயாராக இல்லை. கம்பைலர் தரும் நிரல் கையால் எழுதியதைவிடப் பாதி வேகத்தில் ஓடினாலும் தங்கள் கதை முடிந்தது என்று அந்தக் குழு அஞ்சியதாகப் பேக்கஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தில் பிறந்த மொழியில், அரேயின், அதாவது மதிப்புகளை அடுக்கிவைத்த வரிசையின், ஒவ்வோர் இடத்தைத் தொடும்போதும் 'இது எல்லைக்குள் இருக்கிறதா?' என்று நின்று கேட்கும் காவலாளிக்கு எங்கே இடம்? பத்து இடம் கேட்டு வாங்கிய அரேயில் பதினொன்றாவதைத் தொடுவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்த தரநிலைகளும் அதே வழியில்தான் போயின. நீ வரப்பைத் தாண்டக்கூடாது என்று புரோகிராமருக்குச் சொன்னார்கள்; தாண்டினால் பிடி என்று கம்பைலருக்குச் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த மொழியின் சொந்த உடம்பிலேயே இப்படி ஓர் எல்லை உண்டு. அன்று நிரலைக் குத்தி வைத்த துளையட்டையில் 80 கட்டங்கள். ஆனால் 704-இன் அட்டைப் படிப்பான் ஒரு கிடைவரிசையை 36 பிட் கொண்ட இரண்டு கணினிச் சொற்களாக எடுத்துக்கொள்ளும். ஆக 72 கட்டங்கள்தான் உள்ளே போகும். அதனால் ஃபோர்ட்ரான் வாக்கியம் 7-ஆம் கட்டத்தில் தொடங்கி 72-இல் முடிய வேண்டும் என்றானது. 73 முதல் 80 வரை வரிசை எண் குத்தி வைப்பார்கள். கட்டு கைதவறிச் சிதறினால் அடுக்கிக்கொள்ளலாம். வாக்கியம் 72-ஐத் தாண்டினால்? மிச்சம் இல்லாததாகிவிடும். 'டோட்டல்' என்று நீங்கள் குத்திய பெயரின் கடைசி எழுத்து 73-இல் விழுந்தால் அது வேறொரு பெயராகும். அறிவிக்காத பெயரையும் ஏற்றுக்கொள்ளும் மொழி என்பதால் புதிய மாறி ஒன்று சத்தமில்லாமல் பிறக்கும். அட்டை போய்ப் பல பத்தாண்டுகள் ஆனபிறகும், பழைய வடிவில் எழுதிய நிரலை இன்றைய ஜிஃபோர்ட்ரான் கம்பைலரும் சொல்லி மாற்றாதவரை 72-இல்தான் வெட்டுகிறது.

உரையைக் கையாளும் வேலைக்கு இந்த மொழி பிறக்கவே இல்லை. எண்களுக்குக் கட்டிய வீடு அது. எழுத்துகள் அதில் ஒண்டுக்குடித்தனம் வைத்தன. 1966-இல் வந்த முதல் தரநிலையில் எழுத்துக்கென்று தனி வகை கிடையாது. முழுஎண் மாறிக்குள்ளேயே எழுத்துகளைத் திணித்து வைப்பார்கள். எத்தனை எழுத்து திணிக்கலாம் என்பது இயந்திரத்தைப் பொறுத்தது. ஐபிஎம் 7090-இல் ஒரு கணினிச் சொல்லுக்கு ஆறு எழுத்து, சிஸ்டம் 360-இல் நான்கு, சிடிசி 6600-இல் பத்து, டெக் நிறுவனத்தின் பிடிபி-10-இல் ஐந்து. நான்கு நான்காகப் படிக்கும்படி எழுதிய நிரலை ஆறெழுத்து இயந்திரத்துக்குக் கொண்டுபோனால் அது மூன்றில் ஒரு பங்கு காலியான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலையும். மறுபக்கம் கொண்டுபோனால் பெட்டி வழியும்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு விளையாட்டு. 1970-களின் நடுவில் வில் கிரௌதர் பிடிபி-10-இல் ஃபோர்ட்ரானில் எழுதி, 1977-இல் டான் வுட்ஸ் விரித்த 'அட்வெஞ்சர்' என்ற குகை விளையாட்டு. ஆடுபவர் ஒன்றிரண்டு சொற்களில் கட்டளை தட்டுவார். நிரல் அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும். அது ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே பார்க்கும். வடகிழக்கு என்று ஆங்கிலத்தில் முழுதாகத் தட்டினால் வடக்கு என்றே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் முதல் ஐந்து எழுத்து ஒன்றே. அதனால் வடகிழக்குக்கு இரண்டெழுத்துச் சுருக்கத்தைத் தட்டுங்கள் என்று ஆடுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். குகையின் புவியியலைத் தீர்மானித்தது கணினிச் சொல்லின் அகலம்.

கெட்டிக்காரர்கள் ஓர் இடத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டார்கள். வரியைப் படிக்க 80 முழுஎண்கள் கொண்ட அரே. ஒவ்வொன்றிலும் ஒரே எழுத்து, மீதி இடம் வீண். கெர்னிகனும் பிளாகரும் 1976-இல் 'சாஃப்ட்வேர் டூல்ஸ்' நூலில் ஃபோர்ட்ரானுக்கு மேல் ராட்ஃபார் என்ற மேற்பூச்சு பூசி உரைக்கருவிகள் எழுதியபோது இந்த வழியைத்தான் எடுத்தார்கள். இடம் வீணானாலும் இயந்திரம் மாறினால் நிரல் மாறாது. அதற்கு இரண்டு வருஷம் முன் பெல் ஆய்வகத்தில் பார்பரா ரைடர் இன்னொரு பக்கமிருந்து வந்தார். அவருடைய பிஃபோர்ட் வெரிஃபையர், ஒரு ஃபோர்ட்ரான் நிரலை உரையாகப் படித்து, எல்லாக் கம்பைலருக்கும் பொதுவான பகுதிக்குள் அது நிற்கிறதா என்று பார்க்கும். அந்த வெரிஃபையரும் அதே பொதுப் பகுதிக்குள் எழுதப்பட்டதுதான்.

ஆக, பிரச்சினை யாருக்கும் தெரியாமல் இல்லை. மருந்தும் இருந்தது. அதுதான் இந்த வரலாற்றில் என்னை எரிச்சலூட்டுவது.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பி5000 கணினியில் ஒவ்வோர் அரேயோடும் அதன் நீளத்தைச் சொல்லும் ஒரு குறிப்புச் சொல் ஒட்டிக்கொண்டே இருக்கும்; எல்லையை வன்பொருளே பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தில் எலியட் நிறுவனத்துக்காக டோனி ஹோர் எழுதிய அல்கால் 60 கம்பைலர், ஓடும்போது ஒவ்வொரு சுட்டெண்ணையும் சோதித்தது. வேகத்துக்காக இந்தச் சோதனையை அணைத்துக்கொள்ள வசதி வேண்டுமா என்று பின்னர் வாடிக்கையாளர்களைக் கேட்டார்களாம். வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றாட ஓட்டத்தில் எத்தனை முறை இந்தப் பிழை சிக்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980-இல் டூரிங் விருது உரையில் ஹோர் இதைச் சொல்லி, மற்ற பொறியியல் துறைகளில் இப்படி அடிப்படைப் பாதுகாப்பை விட்டுவிடுவது என்றோ சட்டவிரோதமாகியிருக்கும் என்று வருத்தப்பட்டார். கரையில் பயிற்சி எடுக்கும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடலுக்குப் போகும்போது கழற்றி வைப்பவனோடு அவர் வேறோர் இடத்தில் ஒப்பிட்டதும் இந்தப் பழக்கத்தைத்தான்.

அந்த உவமை ஃபோர்ட்ரானுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். 1965-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நான்கு இளநிலை மாணவர்கள் சேர்ந்து வாட்ஃபார் என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினார்கள். அதன் வழிவந்தவை உலகெங்கும் வகுப்பறைகளில் பரவின. எல்லை தாண்டினால் நிற்கும். மதிப்பே கொடுக்காத மாறியைப் பயன்படுத்தினாலும் நின்று, எந்த வரியில் என்று சொல்லும். மாணவன் போடும் நூறு வரி வீட்டுப்பாடத்துக்கு இத்தனை காவல். அதே மாணவன் பட்டம் வாங்கி, அணு உலைக்கோ வானிலைக்கோ கணக்குப் போடப் போனதும் வேகமான கம்பைலருக்கு மாறுவான், காவலைக் கழற்றி வைத்துவிட்டு.

1978-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் 77 தரநிலைதான் எழுத்துக்குச் சொந்த வீடு கட்டிக் கொடுத்தது. உரை மாறிக்கு நீளம் சொல்லலாம். அதில் மூன்றாம் எழுத்திலிருந்து ஏழாம் எழுத்துவரை என்று துண்டு வெட்டி எடுக்கலாம். வெட்டும் துண்டு உரையின் நீளத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. மீறினால் என்ன என்பது, வழக்கம்போல், மௌனம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன லூப்பைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். ஃபோர்ட்ரானில் உரை பிரித்த எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். வரியின் முன்னால் உள்ள இடைவெளிகளைத் தாண்டவேண்டும். நிலையெண் ஒன்றில் தொடங்குகிறது. 'நிலையெண் 80-க்குள் இருக்கிறது, மேலும் அந்த இடத்து எழுத்து இடைவெளி' என்று இரண்டு நிபந்தனைகள், நடுவில் ஓர் 'அண்ட்'. இரண்டும் உண்மையானால் நிலையெண்ணை ஒன்று கூட்டு. எழுதியவர் மனசில் ஓடுவது இது: முதல் நிபந்தனை பொய்த்தால் இரண்டாவதை யாரும் பார்க்கமாட்டார்கள். சி மொழியில் அது உத்தரவாதம். ஃபோர்ட்ரானில் இல்லை. எந்தப் பக்கத்தை முதலில் மதிப்பிடுவது, இரண்டையுமா ஒன்றையா என்பதெல்லாம் கம்பைலரின் விருப்பம் என்றே தரநிலை விட்டிருக்கிறது. முழுக்க வெற்று வரி ஒன்று வந்தால் நிலையெண் 81 ஆகும். ஒரு கம்பைலர் முதல் நிபந்தனையோடு நிற்கும். இன்னொன்று இல்லாத எண்பத்தொன்றாவது எழுத்தை எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தாலும் விடை மாறாது, முதல் பாதிதான் பொய்யாயிற்றே. அதனால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. எல்லைச் சோதனையைப் போட்ட அன்று புரோகிராம் ஒரு வெற்று வரியில் பட்டென்று நிற்கும், எழுதியவர் கம்பைலரைத் திட்டுவார்.

எங்கள் 78 இந்த வகை அல்ல. அது உண்மையாகவே கடித்த பாம்பு.

முதலில் வழக்கமான வைத்தியம் செய்தோம்: சந்தேகமான இடத்தில் ஓர் அச்சுக் கட்டளை சேர்த்தோம். பிழை மறைந்துபோனது. ஆறு என்றே வந்தது. கட்டளையை எடுத்தால் மறுபடி 78. விளக்கைப் போட்டதும் திருடன் நல்லவனாகிவிடுகிற இந்த நடத்தையைப் பார்த்தாலே பழகியவர்களுக்குத் தெரியும், நினைவகத்தில் யாரோ பக்கத்து வீட்டுக்குள் எழுதுகிறார்கள் என்று. ஒரு வரி சேர்த்தால் கம்பைலர் வீடுகளை வேறு மாதிரி அடுக்குகிறது. எழுத்து வேறு திண்ணையில் போய் விழுகிறது.

பிறகு சோதனை ஆப்ஷனைப் போட்டு ஓட்டினோம். முதலில் நின்றது மேலே சொன்ன வெற்று வரியில். அதைத் திருத்தினால், அடுத்தது சப்ரூட்டீன்களில். அறுபதுகளின் பழக்கப்படி, வெளியிலிருந்து வரும் அரேயின் நீளத்தை 1 என்று எழுதியிருந்தார்கள். 'எவ்வளவோ, வருவது வரட்டும்' என்பதற்கு அப்போது அதுதான் வழக்கு. நட்சத்திரக் குறி போடும் வசதி 77-இல்தான் வந்தது. இன்டெல் கம்பைலர் இந்த வழக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு அங்கே சோதிக்காமல் விட்டுவிடும். வேறு சில கம்பைலர்கள் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டு, இரண்டாவது இடத்தைத் தொட்டதுமே கூச்சல் போடும். பொய்க் கூச்சல்களை ஒவ்வொன்றாக அடக்க ஒரு வாரம் போயிற்று. சோதனை வேண்டாம் என்பவர்கள் சோம்பேறிகள் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய வீட்டில் மின்கசிவு பார்க்க வந்தவர் எல்லாச் சுவரும் ஈரம் என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

எட்டாம் நாள் உண்மையான செய்தி வந்தது: பத்து எழுத்து நீளமுள்ள உரை மாறியில் பதினொன்றாவது எழுத்தைத் தொடுகிறாய்.

வரியின் முதல் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக, இடைவெளி வரும்வரை, ஒரு மாறிக்குள் நகலெடுத்துக்கொண்டிருந்தது அந்த நிரல். மாறிக்கு நீளம் பத்து. நகலெடுக்கும் லூப் பத்தில் நிற்கவேண்டும் என்று யாரும் எழுதவில்லை. ஏனென்றால் அடுத்த வரியில் முதல் நான்கு எழுத்தைத்தான் ஒப்பிடப்போகிறது. அட்வெஞ்சரின் ஐந்து போல இங்கே நான்கு. மீதி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். கோப்பைத் தயாரித்தவர் செறிவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை, கான்சென்ட்ரேஷன் என்று, சுருக்காமல் முழுதாக எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. பத்து எழுத்து வீட்டுக்குள். அடுத்த இரண்டு பைட்டைக் கம்பைலர் சும்மா விட்டிருந்தது, அடுத்து வரும் முழுஎண் நான்கின் மடங்கில் தொடங்கவேண்டும் என்பதற்காக. பதினொன்றும் பன்னிரண்டும் அந்தச் சந்தில் விழுந்தன. பதின்மூன்றாவது எழுத்து, ஆங்கில 'என்', அடுத்திருந்த முழுஎண்ணின் முதல் பைட்டில் ஏறி உட்கார்ந்தது. அந்த முழுஎண்தான் அளவீடுகளின் எண்ணிக்கை. ஆஸ்கி குறியீட்டில் 'என்' என்ற எழுத்தின் எண் 78.

ஆறு இருந்த இடத்தில் 78. அரேயில் மீதி 72 இடங்களும் பூஜ்யம். கூட்டுத்தொகை மாறவில்லை, வகுக்கும் எண் பதின்மூன்று மடங்கானது. பதின்மூன்று எழுத்துச் சொல்லால் பதின்மூன்றில் ஒரு பங்கு என்பது தற்செயல்தான். ஆனாலும் அதில் ஏதோ அர்த்தம் தேடி ஒரு மத்தியானம் வீணாக்கினேன்.

இதே தவறு வேறு இயந்திரங்களில் என்ன செய்திருக்கும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். எங்கள் இன்டெல் இயந்திரத்தில் முழுஎண்ணின் சிறிய பைட் முன்னால் வரும், அதனால் 78. ஸ்பார்க் போன்ற இயந்திரங்களில் பெரிய பைட் முன்னால். அதே அடுக்கில் அதே எழுத்து விழுந்தால் எண்ணிக்கை 130,86,22,854 ஆகும். புரோகிராம் அரேயைத் தாண்டி ஓடி அங்கேயே விழுந்து சாகும். ஐந்து நிமிஷத்தில் பிழை கிடைத்திருக்கும். ஐபிஎம் பெருங்கணினியில் எழுத்துக் குறியீடே வேறு. எப்சிடிக்கில் 'என்' 213. பெரிய பைட்டில் அது விழுந்தால் எண்ணிக்கை எதிர்மறையாகும். ஃபோர்ட்ரான் 77 விதிப்படி எதிர்மறை எண்ணிக்கையுள்ள லூப் ஒருமுறைகூட ஓடாது. ஆனால் அதற்கு முந்தைய கம்பைலர்கள் பல, எப்படியிருந்தாலும் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் நிற்கும்; அந்தப் பழக்கத்தை நம்பிய நிரல்களுக்காகப் பின்னாளில் தனி ஆப்ஷனே வைத்தார்கள். ஒரே தவறு, நான்கு விதமான நோய். இவற்றில் மோசமானது எங்களுடையதுதான். நம்பும்படியான எண் ஒன்றைத் தந்துவிட்டு அமைதியாக இருந்தது.

சி மொழியின் எல்லை மீறல்களுக்கு உலகம் அஞ்சக் கற்றுக்கொண்டது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு, 512 பைட் இடத்துக்குள் அதைவிட நீளமான உரையை அனுப்பி யூனிக்ஸ் கணினிகளுக்குள் நுழைந்தபோது செய்தித்தாள்கள்வரை பேசின. அங்கே எல்லையைத் தாண்டுபவன் திருடன். ஃபோர்ட்ரான் நிரலுக்கு அன்னியர் யாரும் உரை அனுப்புவதில்லை. சொந்த ஆராய்ச்சியாளர்தான் அனுப்புவார். இங்கே தாண்டுவது கணக்குப்பிள்ளையின் பேனா. பக்கத்துப் பேரேட்டில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுப் போகிறது. திருடு போனால் தெரியும். பேரேடு மாறினால் ஆண்டுத் தணிக்கை வரும்வரை தெரியாது. கம்பைலரை மாற்றுவதுதான் பழைய நிரலுக்குக் கிடைக்கும் ஒரே தணிக்கை என்பது என் கட்சி. அதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் தணிக்கையாளரை விரோதியாகப் பார்க்கும் கடைக்காரர்கள்.

எல்லை நிரலோடு நிற்பதும் இல்லை. அது எழுதும் கோப்புகளுக்குள் புகுந்துகொண்டு நிரலைவிட நீண்ட நாள் வாழ்கிறது. புரதங்களின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் தொடங்கியது. அதன் கோப்பின் வரி 80 கட்டம். அணுவின் வரிசை எண்ணுக்கு 7 முதல் 11 வரை, ஐந்து கட்டம். ஆக 99,999 அணுக்களுக்கு மேல் இடமில்லை. அன்றைக்கு யார் லட்சம் அணுக்களைக் கண்டார்கள்? பிறகு ரைபோசோம் வந்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு கேம்பிரிட்ஜில் 2006-இல் வெளியிட்ட முழு ரைபோசோமின் அமைப்பை நான்கு பதிவுகளாகப் பிரித்துத்தான் வைக்க முடிந்தது. 2009-இல் நோபல் பரிசு வாங்கிய ஆராய்ச்சி, துளையட்டையின் அகலத்துக்குள் அடங்காமல் நான்கு துண்டாகக் கிடந்தது. 2014-இல்தான் இப்படிப் பிரிந்துகிடந்த பெரிய அமைப்புகளைப் புதிய கோப்பு வடிவில் ஒன்றுசேர்த்தார்கள்.

லட்சமாவது அணுவை எழுதும்போது ஃபோர்ட்ரான் என்ன செய்யும் தெரியுமா? எண் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் அந்த ஐந்து கட்டத்திலும் நட்சத்திரங்களை அடித்துவிடும். அடுத்த வீட்டுக்குள் போகாது. அச்சிடும்போது இத்தனை கண்ணியம் காட்டத் தெரிந்த மொழி அது. நினைவகத்தில் எழுதும்போதும் அப்படியே நட்சத்திரம் போட்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் அந்த நட்சத்திரங்களைத் திரும்பப் படிக்கிற நிரல் எண்ணை எதிர்பார்த்து விழுந்து சாகும். அது இன்னொரு கதை.

நடுவில் ஒரு சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அதே நிரலுக்குத் தமிழில் ஒரு தலைப்பு வரி கொடுத்துப் பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. ஃபோர்ட்ரானின் சாதாரண உரை மாறிக்குப் பைட்தான் எழுத்து. நீளம் 15 என்றது. முதல் எழுத்தை வெட்டிக் கொடு என்றால் 'த'-வின் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது, திரையில் ஒரு கேள்விக்குறி. எங்கள் பத்து எழுத்து மாறிக்குள் தமிழே அடங்கியிருக்காது.

இப்போது இதையெல்லாம் பேசக் காரணம் உண்டு. விஏஎக்ஸ் காலத்து டெக் கம்பைலரின் வழிவந்து, காம்பேக் வழியாக இன்டெல் கைக்குப் போய், ஒரு தலைமுறை விஞ்ஞானிகளுக்குச் சோறு போட்ட ஐஃபோர்ட் கம்பைலரை இன்டெல் 2024-இன் இறுதியில் நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் வேறு அடித்தளத்தில் கட்டிய ஐஎஃப்எக்ஸ். எல்எல்விஎம் திட்டத்தின் ஃபிளாங் 2025-இல் சோதனைப் பெயரை உதறிவிட்டுச் சொந்தப் பெயரோடு வந்துவிட்டது. 2005 முதல் ஜிசிசி-யோடு வரும் ஜிஃபோர்ட்ரான் ஏற்கெனவே எங்கும் இருக்கிறது. ஒவ்வொன்றும் மாறிகளை ஒவ்வொரு மாதிரி அடுக்கும். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் 'பழசில் ஓடுதேப்பா' என்ற குரல் மறுபடி கேட்கும் பருவம் இது. ஒரு நிரலை இவற்றில் மூன்றிலாவது, சோதனைகளைப் போட்டு, ஓட்டிப் பார்க்காமல் அதன் விடையை அச்சுக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. வேகம் குறையும் என்பார்கள். உரையைப் படிக்கும் பகுதி ஒரு நாள் ஓடும் கணக்கில் சில விநாடிதான் எடுக்கும். அங்கே காவலை நிரந்தரமாக விட்டுவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கணக்கின் உள்ளே, கோடிக்கணக்கில் சுற்றும் லூப்பில் வேண்டுமானால் கழற்றிக்கொள்ளட்டும். பொதுவாக இதற்கு நேரெதிராகத்தான் நடக்கிறது. கணக்குப் பகுதியை நூறு பேர் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். முதல் சொல்லை வெட்டி எடுக்கும் இருபது வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் புரோகிராமைத் திருத்தியபின் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. பழைய கம்பைலரில் இருபது வருஷம் அந்த மூன்று எழுத்தும் எங்கே விழுந்தன? அந்தக் காலத்துக் கம்பைலர்கள் எந்த மாறி எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் அச்சடித்துத் தரும். மஞ்சளேறிய அந்தத் தாள் அலமாரியில் இருந்தது. பத்து எழுத்து மாறிக்கு அடுத்து இருந்தது ஆய்வின் தலைப்பு. அதைப் பக்கத்தின் உச்சியில் அச்சிட்டு முடித்தபிறகுதான் கான்சென்ட்ரேஷன் வரும். தலைப்பின் முதல் மூன்று எழுத்து ஒவ்வொரு முறையும் அழிந்திருக்கிறது, யாருக்கும் அது தேவைப்படாத நேரத்தில்.

பட்டியலோடு தட்டச்சு செய்த கையேடும் இருந்தது. உள்ளீட்டு வடிவத்தை விளக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: "முதல் சொல் 10 எழுத்துக்கு மேல் வேண்டாம்." பேராசிரியர் கையெழுத்தல்ல, அவருக்கு முந்தியவராக இருக்கலாம். அதற்கும் முந்தைய ஏதோ ஓர் இயந்திரத்தில் அவருக்கும் ஒரு 78 வந்திருக்கவேண்டும். எதிர்ப்பக்கத்தில், அச்சில், மாதிரி உள்ளீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் மூன்றாவது வரி கான்சென்ட்ரேஷன் என்றுதான் தொடங்கியது, பதின்மூன்று எழுத்தும் முழுதாக.